மூன்று தாங்கல்களும் ஒரு மக்கள்தொகைக் கணக்கும்

தாங்கல் என்றால் சிறிய ஏரி. மழைத் தண்ணீரைத் தாங்கி வைத்துக்கொண்டு கீழே உள்ள வயல்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல், எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் எல்லாமே அந்தப் பெயரைச் சுமக்கிற ஊர்கள்தான். இன்று எங்கள் பகுதியில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. ஏரி பெயரில் மட்டும் இருக்கிறது.

நான் பொதுப்பணித்துறையில் 33 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி ஏரிகளோடுதான் கழிந்தது. தினமும் காலையில் அளவுகோலைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவோம். நேற்றைய இருப்பு, அதோடு வரத்து, அதிலிருந்து போக்கு கழித்தால் இன்றைய இருப்பு. செம்பரம்பாக்கம் போல 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவும் உள்ள பெரிய ஏரியானாலும், ஊர்க்கோடித் தாங்கலானாலும் கணக்கு இது ஒன்றுதான். ரிட்டயர் ஆன பிறகு இந்தக் கணக்குக்கு வேலை இருக்காது என்று நினைத்திருந்தேன். என் பேத்தியின் கல்லூரிப் பாடம் அதை மறுபடியும் கையில் கொடுத்தது.

அவளுக்கு 'சிஸ்டம் டைனமிக்ஸ்' என்று ஒரு பாடம். அதற்காக லேப்டாப்பில் 'வென்சிம்' என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தாள். சொந்தமாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதில் ஒரு இலவசப் பதிப்பு உண்டு. திரையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நுழையும் ஒரு குழாய், வெளியேறும் ஒரு குழாய், இரண்டிலும் வால்வு. "இது என்ன தெரியுதா தாத்தா?" என்று கேட்டாள். "ஏரி, வரத்துக்கால், மதகு" என்றேன். "இல்ல தாத்தா, மக்கள்தொகை, பிறப்பு, இறப்பு" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

இந்த முறையை உருவாக்கியவர் ஜே ஃபாரஸ்டர். எம்.ஐ.டி. பேராசிரியர். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவில் உள்ளது. அவர் அடிப்படையில் மின் பொறியாளர். தொழிற்சாலைச் சரக்கு இருப்பு ஏன் ஏறி இறங்குகிறது என்பதில் தொடங்கி, நகரங்களுக்குப் போய், 1971-ல் உலகத்தையே ஒரு மாடலாக எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் 1972-ல் வெளியான 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற புத்தகம். மக்கள்தொகை, உணவு, தொழில் உற்பத்தி, இயற்கை வளம், மாசு ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று கோத்து, இப்படியே போனால் நூறு வருஷத்துக்குள் பூமி தாங்காது என்று சொன்னது. அப்போது நான் மாணவன். அந்தக் கணக்குக்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இப்போது அதே வகைக் கணக்கைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போட முடிகிறது.

பேத்தி தன் பாடத்தை முடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் விடவில்லை. உலகம் எனக்குப் பெரிது, தமிழ்நாடு போதும் என்று ஆரம்பித்தேன்.

முதல் மாடலில் ஒரே ஒரு பெட்டி. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4.12 கோடி. அது ஆரம்ப இருப்பு. அப்போது வருஷத்துக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 31 பிறப்பு, 14 இறப்பு. அந்த இரண்டு விகிதங்களையும் மாற்றாமல் ஓட்டினேன். கோடு மேல்நோக்கி வளைந்தது. 2011-ல் 8.09 கோடி, 2071-ல் 22 கோடி. பிறக்கிறவர்கள் வளர்ந்து அவர்களும் பெறுகிறார்கள் அல்லவா? ஏரிக்கும் மக்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பதற்காக மழை கூடுதலாகப் பெய்யாது. மக்கள்தொகையில் இருப்பு கூடக்கூட வரத்தும் கூடும். வட்டிக்கு வட்டி போல.

2011 கணக்கெடுப்பு சொன்னது 7.21 கோடி. 8.09 அல்ல. நடுவில் விகிதங்கள் மாறிவிட்டன. 2020-ல் ஆயிரத்துக்குச் சுமார் 14 பிறப்பு, 6 இறப்பு. இந்த இறக்கத்தைச் சீரான சரிவாகக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். 2011-க்கு 7.02 கோடி வந்தது. ஒரு பெட்டியும் இரண்டு குழாயும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக வந்தது எனக்கே ஆச்சரியம். மீதி வித்தியாசத்தில் நான் வரையாத இன்னொரு வரத்துக்காலுக்கும் பங்கு இருக்கும்: வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வருகிறவர்கள். எங்கள் தெருவில் நடந்தாலே அந்த வரத்தைப் பார்க்கலாம்.

விகிதம் இறங்கியது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அது வீடுகளுக்குள் நடந்த விஷயம். 1951 கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். ஜனங்களை எண்ணியவரே அந்த எண்ணைக் கண்டு கவலைப்பட்டு, 1950-களின் கடைசியில் ஆண்களுக்கான கருத்தடையை இங்கே தீவிரமாக முன்னெடுத்தார். பிறகு சிவப்பு முக்கோணம் வந்தது, 'நாம் இருவர் நமக்கு இருவர்' சுவர் விளம்பரம் வந்தது. ஆனால் விளம்பரத்தால் மட்டும் நடக்கவில்லை. என் அம்மாவுக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது ஆறு. 1971-ல்கூடத் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் நூற்றுக்கு மேல் ஒரு வயதுக்குள் போய்விடும். 2020-ல் அது 13. பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் இரண்டோடு நிறுத்தத் துணிவு வந்தது. பள்ளிக்கூடமும் மதிய உணவும் தடுப்பூசியும் கிராமச் செவிலியரும் சேர்ந்து செய்த வேலை அது.

எங்களுக்கு 1983-ல் இரண்டாவதாகப் பையன் பிறந்ததும் என் மனைவி ஆபரேஷன் செய்துகொண்டாள். என் அம்மா ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. இன்று அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பேத்தி. ஒன்பது, இரண்டு, ஒன்று.

அடுத்து மூன்றாவது மாடல். இதில் மூன்று தாங்கல்கள், ஒன்றின் போக்கு அடுத்ததன் வரத்து. நம் பக்கத்துச் சங்கிலி ஏரிகள் மாதிரி. 15 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒன்று, 15 முதல் 59 வரை ஒன்று, 60-க்கு மேல் ஒன்று. 2011-ல் இவை சுமார் 1.70 கோடி, 4.76 கோடி, 75 லட்சம். அறுபதுக்குள் யாரும் இறப்பதில்லை, அறுபதைத் தாண்டியவர்கள் சராசரியாக 18 வருஷம் இருப்பார்கள், வெளியூரிலிருந்து யாரும் வருவதில்லை என்று எளிமையாக வைத்துக்கொண்டேன்.

ஒரு தம்பதிக்கு இரண்டு குழந்தை, ஒருவருக்கு ஒருவர் ஈடு என்று வைத்து ஓட்டினேன். மொத்தம் 7.21 கோடியிலேயே நின்றுவிடும் என்றுதானே தோன்றும்? நிற்கவில்லை. ஏறி ஏறி 8.4 கோடியில்தான் நின்றது. குழந்தைகளும் உழைக்கும் வயதினரும் சேர்ந்த தொகை மாறவே இல்லை. ஏறியது முழுக்க மூன்றாவது தாங்கலில். 75 லட்சம் இருந்தது 1.94 கோடி ஆயிற்று.

காரணம், முந்தைய தலைமுறையில் பெய்த மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு எங்கள் தெருக்களுக்குள் புகுந்தது. அன்றைக்குப் பெய்த மழை மட்டும் அதைச் செய்யவில்லை. நவம்பர் முழுதும் பெய்தது ஏரிகளை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தது. மக்கள்தொகையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1990-களின் தொடக்கத்திலேயே சராசரி இரண்டு குழந்தை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். ஆனாலும் 1991-க்கும் 2011-க்கும் நடுவில் 1.63 கோடி பேர் கூடினார்கள். அதற்கு முன்பே பிறந்திருந்தவர்கள் கல்யாண வயதுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது நாம் இரண்டிலும் இல்லை. 2020 கணக்குப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4. வென்சிமில் ஒரு நகர்த்துபட்டை உண்டு, இழுக்க இழுக்கக் கோடு உடனே மாறும். அதை 1.4-க்கு இழுத்தேன். மொத்தம் 7.4 கோடியைத் தொடாமலேயே திரும்பி, 2051-ல் 6.9 கோடிக்கு இறங்கியது. நூற்றுக்கு 24 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். என் மாடல் கொஞ்சம் அவசரக்காரன் என்பதையும் சொல்லவேண்டும். 2031-ல் முதியோர் நூற்றுக்கு 20 என்று அது சொல்கிறது, மத்திய அரசின் மதிப்பீடு 18.2. பெட்டிக்குள் 15 வயதுப் பையனும் 59 வயதுக்காரரும் ஒரே தண்ணீராகக் கலந்துவிடுவதால் வருகிற பிசகு அது. நிபுணர்கள் ஐந்து ஐந்து வயதாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். திசை மட்டும் ஒன்றுதான்.

என் மனைவி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"இதுல நாம எந்தப் பெட்டியில இருக்கோம்?"

"மூணாவதுல."

"அதுலேர்ந்து வெளிய போக ஒரு வழிதானே இருக்கு?"

"ஆமா."

"சரி, காபி ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது அதிகம் பெறுங்கள் என்ற பேச்சு வந்திருக்கிறது. 2024-ல் ஒரு திருமண மேடையில் பதினாறு பேறு என்பதை வைத்து முதலமைச்சரே சற்று வேடிக்கையாகத் தொட்டுப் பேசினார். அதன் பின்னால் உள்ள கவலை உண்மையானது. நாடாளுமன்றத் தொகுதிகளை மாநிலங்களுக்கு 1971 மக்கள்தொகைப்படி பிரித்து 1976-ல் நிறுத்தி வைத்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த ஏற்பாடு. நமக்கு 39. சொன்னபடி குடும்பத்தைச் சுருக்கிய மாநிலம் அதற்காக இடம் இழக்கவேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. என் மனைவி சொன்னது வேறு: "அன்னிக்கு நிறுத்துன்னாங்க, இன்னிக்குப் பெறுன்னு சொல்றாங்க. ரெண்டு தடவையும் பெறப்போறவளைக் கேட்டாங்களா?"

தொகுதிக் கணக்கை அரசியலில் பேசித் தீர்க்கவேண்டும். பிள்ளை பெற்று முதுமையைத் தீர்க்கலாம் என்பது மட்டும் நடக்காது. அதற்கு மாடல்கூட வேண்டாம். 2051-ல் அறுபதைத் தாண்டப்போகிறவர்கள் எல்லாரும் 1991-க்குள் பிறந்தவர்கள். இன்று வேலைக்குப் போய் வந்து கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இன்று கூடுதலாகப் பிறக்கும் குழந்தைகள் முதல் பதினைந்து வருஷம் முதல் தாங்கலில்தான் இருப்பார்கள். நடுத்தாங்கல்காரர்கள் ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் எங்களையும் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும். அதில் அதிகப் பாரம் பெண்கள் தலையில்.

தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்தால் கரையைப் பலப்படுத்துவதுதான் எங்கள் துறை வழக்கம். இதிலும் அதைச் செய்தவர்கள் உண்டு. 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அப்போது மூன்றாவது தாங்கலில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. 2024-ல் எங்களுக்குப் பக்கத்திலேயே கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். இன்னும் வேண்டியது நிறைய. உடைசல் இல்லாத நடைபாதை, படி தாழ்ந்த பஸ், தனியாக இருக்கிறவர்களை வாரம் ஒருமுறையாவது எட்டிப்பார்க்கும் ஒரு ஆள், கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சரியான சம்பளம். இவற்றுக்கெல்லாம் இருபது வருஷம் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு காகிதத்தில் மூன்று பெட்டி போட்டு, உங்கள் அம்மா காலம், உங்கள் காலம், பேரப்பிள்ளைகள் காலம் என்று மூன்று தடவை எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள். மென்பொருள் எதுவும் தேவையில்லை. மூன்றாவது பெட்டியில் இருப்பவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நான் எழுதிய காகிதத்தில் அந்த இடத்தில் ஒரே பேர்தான் இருந்தது. என் மகள். அவள் இப்போது நடுப்பெட்டியில் இருக்கிறாள், பதினைந்து வருஷத்துக்குள் எங்கள் பெட்டிக்கு வந்துவிடுவாள்.