வெள்ளைத் தரையும் வெந்நீர்க் குளியலும்

கொடைக்கானலில் குடியிருப்பவர்களுக்குப் பூஞ்சையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் பீரோவுக்குள் வைத்த தோல் பெல்ட்டில் பச்சை பூக்கும். புத்தக அட்டையில் புள்ளி விழும். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். 7,000 அடி உயரத்தில், பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும் ஊர் வேறு எப்படி இருக்கும்? இப்படிப்பட்ட ஊரில், குளிக்கும் இடத்துக்கு வெள்ளை டைல்ஸ் போடலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் பேச்சு ஓடியது. கடைசியில் போட்டோம். ஒரு மழைக்காலமும் ஒரு தீபாவளியும் கடந்துவிட்டன. அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையைத் தொடங்கும் முன் யோசிக்க வேண்டியவை பல உண்டு. உங்களில் சிலருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

இந்த வேலையை நாங்கள் அழகுக்காகத் தொடங்கவில்லை. என் மனைவிக்கு வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நடை நன்றாகத் தேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறாள். ஆனால் குளிக்கப் போகும்போது மட்டும் கதவைத் தாழ் போடாமல், "ஏங்க, வெளியே எங்கேயும் போயிடாதீங்க, இங்கேயே இருங்க" என்பாள். அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அதன்பிறகு எழுந்து நடக்கவே இல்லை. அந்தப் பயம். "இத்தனை வருஷம் தனியாக் குளிச்சவ, இப்ப ஒருத்தரைக் காவல் வச்சுக் குளிக்க வேண்டியிருக்கே" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் அதிகம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். ஈரமும் சோப்பும் சேர்ந்து இருக்கும் இடம் வீட்டில் குளியலறைதானே?

எங்கள் பழைய தரை கருப்புக் கடப்பாக் கல். வீடு கட்டிய காலத்தில் மலிவு, உழைப்பும் அதிகம் என்று போட்டது. கருப்புக் கல்லில் ஒரு தொல்லை உண்டு. பாசி படிந்தாலும் தெரியாது, சோப்பு வழுவழுப்பு தங்கினாலும் தெரியாது. கால் சறுக்கிய பிறகுதான் தெரியும். "வெள்ளையாப் போட்டுருங்க. அழுக்கு என் கண்ணுல பட்டா நான் தேய்ச்சிருவேன். கண்ணுல படாத அழுக்குக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் மனைவி. வெள்ளைத் தரைக்கு இதைவிட நல்ல காரணத்தை நான் எந்தக் கடையிலும் கேட்கவில்லை.

மேல்நாட்டிலும் இதே எண்ணத்தில்தான் வெள்ளை ஓடு பரவியது. கிருமிகளால் நோய் வருகிறது என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற பிறகு, ஆஸ்பத்திரி, சமையலறை, குளியலறை எல்லாவற்றிலும் வெள்ளை ஓடு பதிக்கத் தொடங்கினார்கள். 1904-இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்களில் பதித்த பளபளப்பான வெள்ளை ஓடுகள் இன்றைக்கும் 'சப்வே டைல்ஸ்' என்ற பெயரில் விற்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பளபளப்பு சுவருக்கு மட்டும்தான். அதே காலத்து அமெரிக்கக் குளியலறைகளின் தரையில் பதித்தவை மெருகு பூசாத, ஓரங்குல அளவுள்ள அறுகோண வெள்ளைச் சில்லுகள். சுவரும் வெள்ளை, தரையும் வெள்ளை, ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள். நூறு வருஷம் ஆகியும் இந்த வித்தியாசத்தை நம் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

டைல்ஸ் பார்க்கத் திண்டுக்கல்லுக்கு இறங்கினோம். கோயம்புத்தூரில் இருக்கும் மகனும் வந்து சேர்ந்துகொண்டான். இன்று நம் கடைகளில் இருக்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவது. கடையில் இருநூறு வகை வெள்ளை இருந்தது. பால் வெள்ளை, தந்த வெள்ளை, சாம்பல் ஓடிய பளிங்கு வெள்ளை. மகனுக்குப் பிடித்தது நாலடிக்கு இரண்டடி, கண்ணாடி போலப் பளபளக்கும் பலகை. "அப்பா, ஜாயிண்ட்டே கம்மி. துடைக்கறது சுலபம்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஜாயிண்ட் குறைந்தால் பூஞ்சை தங்கும் இடமும் குறையும்.

நான் கடைப் பையனிடம் ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் கேட்டேன். சாம்பிள் ஓடுகளைத் தரையில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, ஷாம்பு தடவி, வெறுங்காலை வைத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு தேய்த்துப் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஜெர்மன்காரர்கள் இதைத்தான் பரிசோதனைச் சாலையில் செய்கிறார்கள். ஓடு பதித்த சாய்தளத்தின் மேல் சோப்பு நீரை விட்டு, வெறுங்காலோடு ஒருவரை நடக்கவிட்டு, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். 12 பாகைவரை தாங்கினால் ஏ, 18-க்கு பி, 24-க்கு சி. குளிக்கும் இடத்துக்கு பி-யாவது வேண்டும். அட்டைப்பெட்டியில் ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று போட்டிருப்பது வேறு சோதனை. அது பூட்ஸ் போட்ட காலோடு எண்ணெய் விட்ட சாய்தளத்தில் நடந்து பார்ப்பது. ஆர்-9 தான் அதில் மிகக் குறைந்த பிடிமானம். எண் ஏற ஏறப் பிடிமானம் கூடும். 'ஆன்ட்டி ஸ்கிட்' என்று வாயால் மட்டும் சொன்னால் போதாது, எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். சுவர் ஓடு தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். நன்றாகச் சுட்ட பீங்கான் ஓடு அரை சதவீதம்கூடக் குடிக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சுவர் ஓட்டைத் தரையில் போட்டால், மேல்மெருகு பெயர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செங்காவி நிறம் தெரியத் தொடங்கும். வெள்ளையில் அது இன்னும் மோசமாகத் தெரியும். உடைந்த சில்லு ஒன்றை வாங்கி வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே வெள்ளையாக இருந்தால் நல்லது.

காரைக்குடி பக்கம் இருக்கும் என் மைத்துனர், "ஆத்தங்குடிக் கல்லு போடுங்க மாப்ள, காலுக்குச் சுகமா இருக்கும்" என்றார். அவர் வீட்டுப் பட்டாலையில் அது எத்தனையோ வருஷமாக மின்னுகிறது. ஆனால் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டும் வண்ணமும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. தினமும் கால் பட்டு, எண்ணெய் பட்டுத்தான் அதற்கு மினுக்கம் ஏறும். கூடத்துக்கு அது ராணி. சோப்பும் வெந்நீரும் தினமும் கொட்டும் மூலைக்கு அது ஆகாது.

கடைசியில் நாங்கள் தேர்ந்தது இரண்டங்குல அறுகோணச் சில்லுகள். மங்கிய வெள்ளை, மெருகு இல்லாதது. வலையில் ஒட்டி, ஓரடிக்கு ஓரடித் தாளாக வரும். குளிக்கும் இடம் நாலுக்கு மூன்று, 12 சதுர அடி. சேதாரத்துக்கும் சேர்த்து 14 தாள் வாங்கினோம்.

சின்ன ஓடு எதற்கு என்று மகன் கேட்டான். வாட்டத்துக்காக. தண்ணீர் நிற்காமல் ஓட அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும், நாலு பக்கமிருந்தும் ட்ராப்பை நோக்கி. பெரிய பலகையை நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சாய்க்க முடியாது. குறுக்கே வெட்டினால்தான் முடியும், வெட்டிய விளிம்பு காலில் இடறும். சின்னச் சில்லு தரையோடு வளைந்து போகும். தவிர, ஜாயிண்ட் அதிகமாக இருந்தால் பாதத்துக்குப் பிடிமானமும் அதிகம்.

ஜாயிண்ட் அதிகமானால் பூஞ்சையும் அதிகம் என்ற மகனின் கேள்விக்குப் பதில், இடையில் அடைக்கும் பூச்சில் இருக்கிறது. வழக்கமான வெள்ளை சிமெண்ட் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஒரே மழைக்காலத்தில் கறுத்துவிடும். எபாக்ஸி விலை கூடுதல், ஆனால் தண்ணீர் குடிக்காது. நிறம் வெளிர் சாம்பலாகச் சொன்னேன். காரணம் மஞ்சள். மேல்நாட்டுப் புத்தகங்களில் காப்பிக்கறையைப் பற்றி எழுதுவார்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள், பண்டிகைக்கு மருதாணி. வெள்ளை ஜாயிண்ட் ஒரு மாதம் தாங்காது. ஓட்டின் மேல் படிந்த மஞ்சள் கழுவினால் போய்விடும். மிச்சம் இருந்தாலும் ஜன்னல் வழியாக வெயில் பட்டால் தானே வெளுத்துவிடும்.

வெள்ளையின் மேல் வெள்ளை என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வயதான கண்ணுக்குச் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துத் தெரியாது, அதுவும் மேகம் இறங்கிய காலை வேளையில். அதனால் சுவரின் அடியில் நாலு அங்குலத்துக்குக் கரும்சாம்பல் பட்டை விட்டோம். குளிக்கும் இடத்துக்கும் வெளித்தரைக்கும் நடுவே படிக்கட்டோ வரப்போ வைக்காமல், அதே கரும்சாம்பலில் ஒரு கோடு மட்டும் போட்டோம். பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. சோப்பைக்கூட மாற்றினோம். வெள்ளைத் தரையில் நழுவி விழுந்த வெள்ளை சோப்பு கண்ணுக்குத் தெரியாது, அதன் மேல் கால் வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. இப்போது எங்கள் வீட்டில் சந்தன நிற சோப்புதான்.

வேலையில் அவசரப்படுத்தக்கூடாது. குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். கீழ்நாட்டில் ஒருநாள் என்றால் இங்கே இன்னும் ஒருநாள் கூடக் கொடுங்கள். ஓடு பதிக்கும் முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, ட்ராப்பை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்தோம். பதித்து முடித்ததும் மேஸ்திரி தம்பி ரசமட்டம் வைத்துக் காட்டினார். நான் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தேன். எங்கும் குளம் கட்டவில்லை. பிறகு ஒவ்வொரு சில்லையும் நாணயத்தால் தட்டினேன். பொள்ளலான சத்தம் கேட்ட இரண்டு இடத்தை, "பார்த்துருவோம் ஐயா" என்று முகம் சுளிக்காமல் பெயர்த்துத் திரும்பப் பதித்தார்.

சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, செங்கல்லுக்குள் போல்ட் இறக்கிப் பொருத்தியது. துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள், அது உங்கள் எடைக்காகச் செய்தது அல்ல. காலை ஐந்து மணிக்கு எந்த நிற ஓடும் பனிக்கட்டி போலத்தான் இருக்கும். அதற்கு ரப்பர் பாய் போட்டால் அதன் அடியில் வழுவழுப்பு சேரும். நாங்கள் வெந்நீரை முதலில் தரையில் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் கால் வைக்கிறோம்.

உண்மையான பரீட்சை எண்ணெய்க் குளியல். மலைத் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் சோப்பே லேசில் போகாது. நல்லெண்ணெயைக் கேட்கவே வேண்டாம். சொரசொரப்பான ஓட்டின் மேலும் எண்ணெய் படிந்தால் வழுக்கத்தான் செய்யும். ஆகவே எண்ணெயைக் குளிக்கும் இடத்தில் நின்று தேய்ப்பதில்லை, வெளியே முக்காலியில் உட்கார்ந்து தேய்ப்பது என்று விதி செய்தோம். உள்ளேயும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலில் ரப்பர் மாட்டியது. தீபாவளி அன்று விடியுமுன், வெளியே மழை சோவென்று கொட்ட, மனைவி எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ் போடும் சத்தம் கேட்டது. நான் பேசாமல் அடுப்படிக்குப் போய்ப் பலகாரத் தட்டை எடுத்துவைத்தேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. குளித்து முடித்ததும் கடைசி ஒரு சொம்பு வெந்நீர் தரைக்கு, பிறகு ஒரு ரப்பர் துடைப்பான், ஜன்னலைத் திறந்து வைத்தல். எண்ணெய்க் குளியல் அன்று மட்டும் சீயக்காய்த் தூள் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்போம். ஆசிட் ஊற்றாதீர்கள். சிமெண்ட் ஜாயிண்ட்டாக இருந்தால் அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் குளோரின் புகை மூடிய அறைக்குள் உயிருக்கே ஆபத்து. மழைக்காலத்தில் கலங்கல் தண்ணீர் வந்தால் மூலைகளில் லேசாகச் செம்மண் படியும். வெள்ளையில் அது அன்றைக்கே தெரிகிறது, அன்றைக்கே துடைத்தும் விடுகிறோம். மிச்சமிருந்த ஒரு தாள் ஓட்டைப் பரணில் வைத்திருக்கிறேன். அதே வெள்ளை இன்னும் பத்து வருஷம் கழித்துக் கிடைக்காது. நீங்களும் ஒரு தாள் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.