வேப்பந்தட்டைத் தாத்தாக்கள்

யாத்திரை என்றால் காசி, இராமேசுவரம் என்றும், உல்லாசப் பிரயாணம் என்றால் உதகை, கொடைக்கானல் என்றும் நினைப்பது நம்மவர் வழக்கம். வேப்பந்தட்டையைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னபோது நண்பர்கள் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அங்கே என்ன விசேஷம்?" என்று கேட்டார்கள். போய் வந்து சொல்வதாக வாக்களித்தோம். அந்த வாக்கைத்தான் இப்போது நிறைவேற்றுகிறோம்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேப்பந்தட்டை வந்துவிடுகிறது. 1995-ஆம் வருஷம் வரையில் இந்தப் பிரதேசம் முழுவதும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த வருஷம் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. வேப்பந்தட்டை இன்று அதில் ஒரு தாலுகாவின் தலைமை ஊர். மேற்கே பச்சைமலை நீலமும் பசுமையும் கலந்து நிற்கிறது. அதன் அடிவாரத்திலிருந்து மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி தொடங்குகிறது. பெரும்பாலும் வானம் பார்த்த பூமிதான். பருத்தி ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையமே வேப்பந்தட்டையில் இருக்கிறது.

சரித்திரம் வேண்டுவோருக்கும் குறைவில்லை. வாலி பூஜித்ததாகச் சொல்லப்படும் சிவபெருமான் வாலிகண்டபுரத்தில் கோயில் கொண்டிருக்கிறார். ரஞ்சன்குடிக் கோட்டை இன்னும் கம்பீரமாக நிற்கிறது. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை முன்னிறுத்திக்கொண்டு இந்தப் பக்கத்தில் மோதினார்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது ஒன்றும் இந்த ஜில்லாவில் உண்டு. சாத்தனூர்க் கல்மரத்துக்கு வயது சுமார் 12 கோடி வருஷம் என்கிறார்கள். 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி அதை உலகுக்கு அறிவித்தார். ஜில்லாவின் மிக மூத்த பிரஜை அதுதான். ஆனால் அது கிடந்த இடத்திலேயே கிடந்து கல்லாகிவிட்டது. மனிதர் அப்படிக் கிடக்கலாகாது என்பதை வேப்பந்தட்டையில் ஒரு பெரியவர் நமக்கு விளக்கினார்.

டீக்கடை வாசலில் கிடந்த பெஞ்சியில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் கோல், தோளில் துண்டு. வயதைக் கேட்டோம்.

"எண்பதோ எண்பத்திரண்டோ இருக்கும், ஐயா. நான் பிறந்த வருஷத்தை எழுதி வைக்க அப்போ எங்க வீட்டிலே யாருக்கு எழுத்துத் தெரியும்?" என்றார்.

"இந்த வயதில் இவ்வளவு திடமாக இருக்கிறீர்களே, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?"

"மருந்தா? பிரஷருக்கு ஒரு மாத்திரை உண்டு. காலையிலே ஆட்டை ஓட்டிக்கிட்டுக் காட்டுப் பக்கம் போவேன். பொழுது சாய வந்தால் பேத்தி பாடம் படிப்பாள், பக்கத்திலே உட்கார்ந்திருப்பேன். அவள் படித்து முடித்ததும் கதை கேட்பாள். சொல்லித்தானே ஆகவேண்டும்? கதை தீர்ந்துபோய்விட்டதென்றால் விடமாட்டாள்!"

நடை, வேலை, பேச்சுத் துணை, அவசியமான ஒரு மாத்திரை - பெரியவரின் வைத்தியம் இவ்வளவே. உலக சுகாதார ஸ்தாபனத்தார் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரமும் ஏறக்குறைய இதுதான். ஒரு வியாதியும் இல்லாதிருந்தால்தான் ஆரோக்கியமான முதுமை என்று அவர்கள் சொல்லவில்லை. வியாதி ஒன்றிரண்டு இருந்தாலும், அதை அடக்கி வைத்துக்கொண்டு, தாம் மதிக்கும் காரியங்களைத் தாமே செய்யும் சக்தியோடு இருப்பதுதான் முக்கியம் என்கிறார்கள். 2021 முதல் 2030 வரையுள்ள பத்து வருஷங்களை ஐக்கிய நாடுகள் சபை இந்த இலட்சியத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

அதற்காக, கிராமத்துக் கிழவர்களுக்கெல்லாம் வஜ்ர சரீரம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் கண்புரையும் இங்கேயும் தாராளமாய் உண்டு. மருந்தைத் தேடி ஜனங்கள் போவதற்குப் பதிலாக மருந்தே ஜனங்களைத் தேடி வரட்டும் என்று தமிழ்நாடு சர்க்கார் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்கும் திட்டம் அது. மாத்திரை வாசலுக்கு வரலாம். பேரனும் பேத்தியும் வாசலுக்கு வருவதற்கு எந்தச் சர்க்கார் திட்டம் போட முடியும்?

இங்கேதான் விஷயத்தின் வேதனை இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் வாலிபர்கள் என்ன செய்வார்கள்? சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் வீடு எழும்புகிறது. தங்கைக்குக் கல்யாணம் நடக்கிறது. ஆனால் புதிதாய் எழும்பிய மாடி வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது. இன்னொரு காட்சியும் கண்டோம். பழைய வீட்டில் திண்ணை இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசினார்கள். புது வீட்டில் திண்ணை இல்லை. இரும்புக் கதவு இருக்கிறது. திண்ணையை இடித்தபோது, தாத்தாவுடைய மருந்தில் பாதியை இடித்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். பெற்றோரைக் காப்பாற்றுவது பிள்ளைகளின் கடமை என்று 2007-இல் சட்டமே இயற்றவேண்டி வந்தது. சட்டம் ஜீவனாம்சம் வாங்கித் தரும். கதை கேட்க ஆள் பிடித்துத் தராது.

*

மனச்சோர்வுடன் திரும்பியிருப்போம். அரும்பாவூருக்குப் போனது நல்லதாயிற்று.

அரும்பாவூர் இதே தாலுகாவைச் சேர்ந்தது. அங்கும் பக்கத்திலுள்ள தழுதாழையிலும் மரச் சிற்பிகள் வாழ்கிறார்கள். மா, வேம்பு, வாகை முதலிய மரங்களில் தெய்வத் திருவுருவங்களையும் கோயில் வாகனங்களையும் தேர்ச் சிற்பங்களையும் செதுக்குகிறார்கள். சிற்ப சாஸ்திரம் விதித்த தாள அளவு மயிரிழை பிசகுவதில்லை. 2020-இல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு பட்டறையில் மூன்று தலைமுறையைச் சேர்ந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பனார் பெரிய உளியால் மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் உப்புத்தாளால் ஒரு பீடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தாத்தா உளி பிடிக்கவில்லை. கண் மங்கிவிட்டது. ஆனால் முடிந்த உருவம் ஒவ்வொன்றும் அவர் கைக்குத்தான் முதலில் போகிறது. விரலால் மூக்கையும் தோளையும் வருடிப் பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் அதிகம்" என்றார். பேரன் அளவுகோல் வைத்துப் பார்த்தான். "ஆமாம், தாத்தா" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் நாம் கண்டது பெரிய உண்மை. தாத்தாவின் விரலில் அறுபது வருஷத்து அனுபவம் இருக்கிறது; பேரனிடம் கண் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் விக்கிரகம் பிறக்கிறது. தாத்தா அங்கே யாருடைய தயவிலும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் வேலை நடவாது. அவருக்கு அது தெரிந்திருந்தது. அதைவிடச் சிறந்த டானிக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? இந்தப் பேரனும் நாளைக்குப் பட்டணம் போய்விட்டால், அந்த விரலில் இருக்கும் வித்தை யாரிடம் போய்ச் சேரும் என்ற கவலை நமக்கும் உண்டாயிற்று. புவிசார் குறியீடு கலையின் பெயரைக் காப்பாற்றும். கலையைக் காப்பாற்றப் பேரன்தான் வேண்டும்.

கண் மங்கியதைப் பற்றிச் சொன்னோம். அதற்குப் பரிகாரம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கண்புரையை நீக்கிப் பார்வை தரும் பணியில் தமிழ்நாடு உலகத்துக்கே வழிகாட்டியிருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58-வது வயதில், 1976-ஆம் வருஷம், பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் அவருடைய விரல்கள் இளமையிலேயே கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைக் கொண்டே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். பிறருக்கு ஓய்வு தொடங்கும் வயதில் அவருக்கு வேலை தொடங்கியது. 1918 அக்டோபர் முதல் தேதி பிறந்தவர் அவர். அதே அக்டோபர் முதல் தேதியைத்தான் முதியோர் தினமாக உலகம் இப்போது கொண்டாடுகிறது!

மகாராஷ்டிரத்தில் பாங்கணே என்னும் சிற்றூரில் 2016-இல் பாட்டிமாருக்கென்று ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். ரோஜா நிறச் சேலை உடுத்திக்கொண்டு, பலகையும் பையுமாய்ப் பாட்டிமார் படிக்கப் போனார்கள். வீட்டுப் பாடத்துக்கு உதவி செய்தவர்கள் பேரக் குழந்தைகள். தாத்தா பேரனுக்குக் கற்பிப்பது ஒரு வழி என்றால், பேத்தி பாட்டிக்குக் கற்பிப்பது மற்றொரு வழி. கொடுக்கவும் கொள்ளவும் ஏதாவது இருந்தால் உறவு தழைக்கும்.

பட்டணத்து வீடுகளில் இருக்கும் நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சொற்பந்தான். விடுமுறைக்குக் குழந்தைகளைக் கிராமத்துக்கு அனுப்பும்போது, "தாத்தாவைத் தொந்தரவு செய்யாதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். நன்றாய்த் தொந்தரவு செய்யச் சொல்லுங்கள். கதை கேட்கட்டும், மரத்தின் பெயர் கேட்கட்டும், பழைய கணக்குக் கேட்கட்டும். தாத்தாவுக்குக் காது மந்தமானால் கருவியும், கண் மங்கினால் சிகிச்சையும் உடனே செய்து கொடுங்கள். காது கேளாதவர் பேச்சிலிருந்து விலகுகிறார். பேச்சிலிருந்து விலகியவர் மெல்ல வாழ்விலிருந்தே விலகிவிடுகிறார்.

புதிதாய் வீடு கட்டுகிறவர்கள் வாசலில் நாலு அடி அகலத்துக்கு ஒரு திண்ணை வைக்கட்டும். இரும்புக் கதவைத் திண்ணைக்கு உட்புறமாய்ப் போட்டுக்கொள்வதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை.