பெயர் மட்டும் எஞ்சிய மரம்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பேராக் எல்லைக்கு அணித்தாக உள்ளது செர்டாங் என்னும் சிற்றூர். அதனைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றில் நாம் பல்லாண்டுகளாகக் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஹெக்டருக்கு 136 செம்பனை வீதம் எந்தப் பிரிவில் எத்தனை மரம் நிற்கிறதென்று கேட்டால், ஏட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவோம். ஆங்கிலப் பள்ளியில் கற்றதன் பயனாக, கண்ணால் கண்டிராத ஓக் மரத்தின் இலை எவ்வடிவினது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால், நாம் முகவரியில் நாள்தோறும் எழுதிவந்த ‘செர்டாங்’ என்னும் சொல் ஒரு மரத்தின் பெயர் என்பது, சென்ற மறுநடவின் போதுதான் தெரிந்தது. தெரிந்தபோது அம்மரம் வீழ்ந்து கிடந்தது.

நடந்தது இதுதான். பழைய செம்பனைகளை அகற்ற இயந்திரம் வந்த சமயம், ஓடைக்கரையையும் சேர்த்துத் துப்புரவு செய்யலாமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். வேலைச் சீட்டில் ‘புதர், களை’ என்றெழுதி நாம் கையொப்பமிட்டோம். மறுநாள், விசிறி போல் அகன்ற ஓலைகளும் முள்ளடர்ந்த மட்டைகளும் கொண்ட பனையொன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் நீலநிறக் கனிகள் சேற்றில் சிதறியிருந்தன. அவ்வழியே மீன்பிடிக்க வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்து நின்றார். பிறகு, “கிராணி, இதுதான் செர்டாங். இந்த ஓடையில் இது ஒன்றுதான் மிச்சமிருந்தது” என்றார். அவர் குரலில் சினமில்லை. சினந்திருந்தால் நாமும் ஏதேனும் மறுமொழி கூறித் தப்பியிருப்போம்.

அதே நாளில் அவ்வியந்திரம், மஞ்சள் துணி கட்டிய மரம் ஒன்றைத் தீண்டாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. அங்கே முனீசுவரர் குடியிருக்கிறாராம்! அதனைத் தொடவேண்டா என்று சொன்னவரும் நாமே. சாமி இருக்கிறது என்னும் அச்சத்தால் ஒரு மரம் பிழைக்கிறது. இது நம் மண்ணின் மரம் என்னும் அறிவால் ஒன்றேனும் பிழைத்ததா? மூடநம்பிக்கையைப் பழித்துப் பேசிவந்த நமக்கு, அன்று நம் பகுத்தறிவை எண்ணி நாணமே உண்டாயிற்று.

இந்நாட்டுக் காடு தானாக அழிந்ததன்று. 1876-ஆம் ஆண்டில் விக்கம் என்பார் பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ பூங்காவில் சேர்த்தார். அங்கு முளைத்தவற்றுள் 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1917-இல் சிலாங்கூரில் வாணிகப் பயிராக நடப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடங்கொடுக்கவே தாழ்நிலக் காடு வீழ்ந்தது. வீழ்த்திய கைகளுள் நம் பாட்டனார் கையும் ஒன்று. அவர் வயிற்றுக்காகச் செய்தார். அவரை நாம் குறைகூறோம். ஆனால், நிழலில் அமர்ந்து எழுதும் நமக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா?

போனது போனதுதானே என்பார்க்கு, கோலாலம்பூரை அடுத்த கெப்போங் விடை கூறுகிறது. 1926-இல் வன ஆராய்ச்சிக்கென அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தபோது, அங்கிருந்தவை ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும், லாலான் புல்லும், காய்கறிப் பாத்திகளுமே. 1929-இல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மனிதர் கையால் மரம் மரமாக நட்டு வளர்த்த அக்காட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

விடுமுறையொன்றில் நாம் அங்குச் சென்றோம். காப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து நோக்கினால், ஒன்றன் முடி மற்றொன்றைத் தீண்டாது விலகி நிற்க, அவற்றினிடையே வானம் சிற்றாறுகள் போல் வளைந்தோடுகிறது. இம்மரம் தமிழருக்குப் புதிதன்று. பழங்காலத்தில் பச்சைக் கற்பூரம் இதன் அடிமரத்திலிருந்தே எடுக்கப்பட்டது. கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்திராவின் பாரூஸ் துறையில் தமிழ் வணிகர் இருந்தமைக்கு, 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே சான்று. கற்பூரத்தை அறிந்தோம், அது பிறந்த மரத்தை மறந்தோம்.

காட்டை மீட்பது செம்பனை நடுவதுபோல் எளிதன்று. காப்பூர் முதலிய பெருமரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே பெருவாரியாகக் காய்க்கும். அவற்றின் விதை சில வாரங்களுள் முளைக்காவிடில் மடிந்துவிடும். நெல்லைப் போல் சேமித்து வைக்க இயலாது. கன்றுக்கு நிழல் வேண்டும். வேரோடு கூடிவாழும் பூஞ்சணம் மண்ணில் இருத்தல் வேண்டும். ஆகவே, தாய்மரம் அருகில் எங்கேனும் நின்றாலன்றி மீட்பு அரிது. ‘களை’ என்று எழுதுமுன் இதனை அறிந்திருக்க வேண்டியவர் நாம்.

அன்று சேற்றில் கிடந்த கனிகளைப் பெரியவரும் நாமும் குனிந்து பொறுக்கினோம். நாற்றுப்பைகளில் இட்டு, அலுவலகத்தின் பின்புறம் நீரூற்றி வந்தோம். முளைக்கவில்லை என்று கைவிடும் நிலையில், மாதங்கள் கழித்து ஒன்பது முளைகள் தலைகாட்டின. இன்று அவை முழங்காலளவு கூட இல்லை. ஓடைக்கரையில் அவற்றை நட்டு, அங்கே மருந்தடிக்கலாகாது என்று வேலைச் சீட்டில் எழுதியிருக்கிறோம். களை வெட்டும் பெண்களுக்கும் அவற்றின் பெயரைச் சொல்லிக் கொடுத்தோம்.

22 நாற்றுகள் ஒரு நாட்டின் நிறத்தையே மாற்றின. ஒன்பது நாற்றுகள் ஓர் ஓடைக்கரையையேனும் மாற்றாவோ? தோட்டந்தோறும் ஓடையுண்டு, ஓடைதோறும் யாரும் பெயர் கேளாத செடியுண்டு. வெட்டுமுன் பெயரைக் கேளுங்கள்; நாம் வெட்டிய பின் கேட்டோம்.