தடை காலிலா, படிக்கட்டிலா?

அரச வேலை என்றால் எங்கள் ஊர்களில் ஒரு தனி மதிப்பு. மாதம் தவறாத சம்பளம், பிற்காலத்தில் ஓய்வூதியம். குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு அது பெரிய பிடிமானம். ஆனால் யுத்தத்தில் கையையோ காலையோ இழந்த பெண்களிடம் "நீங்களும் விண்ணப்பியுங்கோ" என்று சொன்னால், எனக்கு அநேகமாகக் கிடைக்கும் பதில், "எங்களை ஆர் மிஸ் எடுக்கப் போகினம்?" என்பதுதான்.

எடுக்கச் சொல்லி விதி இருக்கிறது, சகோதரிகளே. 1988ஆம் ஆண்டின் 27/88ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தை அங்கவீனமுற்றோருக்கு வழங்கும்படி கூறுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: உரிய தகைமை இருக்க வேண்டும், அங்கவீனம் கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாது.

விதி நழுவும் இடங்களும் இங்கேதான் இருக்கின்றன. நூறு வெற்றிடங்களில் 3 என்பது மூன்று பேர். பத்து வெற்றிடங்களில் அது ஓர் ஆள்கூட இல்லை. சிறிது சிறிதாக ஆட்களைச் சேர்க்கும்போது, முழுக் கணக்கையும் பார்க்க யாரும் இல்லாவிட்டால் அந்த 3 சதவீதம் காணாமலே போய்விடும். அடுத்தது, "தடை" என்ற சொல். எது தடை என்று தீர்மானிப்பவர் யார்?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி 2009இல் ஷெல் வீச்சில் இடது காலை இழந்தவர். உயர்தரம் சித்தியடைந்து, பரீட்சை எழுதி, ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக நியமனம் பெற்றார். அவருக்குக் கொடுத்த மேசை மேல்மாடியில் இருந்தது. பொய்க்காலுடன் நாளுக்கு நாலைந்து தடவை படியேறி இறங்கியதில் கால் புண்ணாகி, அடிக்கடி லீவு எடுக்க வேண்டி வந்தது. "இதுக்குத்தான் இப்படியான ஆக்களை எடுக்கக் கூடாது" என்ற பேச்சும் எழுந்தது. அவர் வேலையை விட்டுவிட நினைத்த நேரத்தில், புதிதாக வந்த நிருவாக உத்தியோகத்தர் ஒருவர் அவருடைய மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். அதே பெண், அதே கோப்புகள், அதே கடமை. லீவு குறைந்தது, பேச்சும் நின்றது. தடை அவருடைய காலில் இருக்கவில்லை, படிக்கட்டில்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, சமத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சட்டம் ஓர் ஆளை அலுவலக வாசல்வரை கொண்டுவரும், உள்ளே அவரை நிலைக்க வைப்பது ஆளணியை நடத்தும் முறைதான் என்பதை அந்த மேசை எனக்குக் காட்டியது.

இதைச் சலுகை என்று சிலர் சொல்வார்கள். அரச சேவையில் உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தின்போது 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் லீவு உண்டு. அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. அந்த நாட்களுக்கான வேலையை அலுவலகம் முன்கூட்டியே பங்கிட்டுக் கொள்கிறது. அதே ஒழுங்கை ஒரு மேசைக்கும் ஒரு சாய்தளத்துக்கும் ஏன் செய்ய முடியாது?

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளையிட்டது.

ஆகவே, விண்ணப்பிக்கும்போது 27/88 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஓர் அலுவலகம் அந்த 3 சதவீதத்தை நிரப்பியிருக்கிறதா என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அநீதி நடந்ததாகக் கருதினால், ஒரு மாதம் கடப்பதற்கு முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு தேவைப்படுவதையும் வாயால் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் கேளுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு மேசை வேண்டும் என்றால், அதையும் அப்படியே எழுதுங்கள்.