தேங்கிய நீரின் படகு

காவிரி எங்கள் பக்கத்தில் பரிசல் ஓடிய ஆறு. ஒகேனக்கல்லில் தொடங்கி மோகனூர் வரை எந்தக் கரையில் வயதானவர்களைக் கேட்டாலும், அந்தக் காலத்தில் அக்கரைக்குப் போனது பரிசலில்தான் என்பார்கள். மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே பாலம் வரும்வரை அதுதான் வழி. கடலோ எட்டாத தூரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட சேலம், நாமக்கல் சீமைக்கு, சட்டம் வைத்துப் பலகை அறைந்து, வயிற்றில் இன்ஜின் இறக்கிய மரப் படகு எப்படி வந்து சேர்ந்தது?

எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய விசைப்படகைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்க்க ஆரம்பித்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்று வெகுகாலம் ஓட்டிய படகு அது. மகன்கள் வேறு தொழிலுக்குப் போனதும் புளியமரத்தடியில் ஏற்றி வைத்துவிட்டார்கள். விறகுக்குப் போக இருந்ததை நான் கேட்டு வாங்கி வந்தேன். கட்டிய ஆண்டைச் சொல்லும் தகடு இல்லை, தாள் இல்லை. படகையே சாட்சியாக வைத்து விசாரிக்க வேண்டியிருந்தது.

முதல் சாட்சி இன்ஜின். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவது. ஆயில் இன்ஜின் என்று சொல்லிக் கிணற்று மேட்டில் வைத்துத் தண்ணீர் இறைத்தார்களே, அந்த ரகம். கிணற்றில் பம்பைச் சுழற்றியது இங்கே ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றுகிறது. தண்டு படகின் அடியைத் துளைத்து வெளியே போய்ப் புரொப்பல்லரில் முடிகிறது. எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் வந்தபின் எத்தனையோ ஆயில் இன்ஜின்கள் கொட்டகை மூலைக்குப் போயின. அவற்றில் ஒன்று ஆற்றில் இறங்கியிருக்கிறது. இதைப் பார்த்ததுமே படகின் ஒரு பாதி நம் ஊர்க்காரன் என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது பெயிண்ட். மேலே நீலம், சுரண்டினால் பச்சை, அதற்கும் கீழே ரெட் ஆக்சைடு, அடியில் தார். மரப் படகைச் சீர்செய்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சுரண்டல்தான். மேலே அழகாக இருக்கும் பெயிண்டுக்குக் கீழே மரம் மக்கியிருக்கலாம். கடல் படகைக் கப்பல்புழு துளைத்துத் தின்னும். எங்கள் ஆற்று நீரில் அந்தப் புழு வாழாது. ஆனால் உப்பு மரத்தைக் காக்கும். நல்ல நீர் காக்காது. மழைத்தண்ணீர் படகின் மூலைகளில் தேங்கி நின்றால் பூஞ்சணம் பிடித்து உள்ளிருந்தே மக்கவைக்கும். ஆகவே குத்தூசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையையும், முக்கியமாகச் சட்டமும் பலகையும் சேரும் இடத்தையும், குத்திப் பார்த்தேன். ஊசி எதிர்த்து நின்றால் நல்ல மரம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். இதில் தயவு பார்க்கக் கூடாது; மக்கலை உள்ளே விட்டு மேலே பட்டி பார்த்துப் பூசினால் அது பக்கத்துப் பலகைக்கும் பரவும்.

மரம் இன்னதென்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு ஆசாரியை அழைத்து வந்தேன். லாரிப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு இந்தியா முழுக்கப் பெயர். சேசிஸ் மட்டும் வந்து நிற்கும். அதன்மேல் கேபின், பக்கப் பலகை, தளம் எல்லாம் இங்கே ஏறும். மரத்தையும் இரும்பையும் சேர்த்துக் குலுக்கலைத் தாங்க வைக்கும் வித்தை அவர்கள் கைவசம். ஆசாரி படகைச் சுற்றி வந்தார். மேல் விளிம்பைத் தட்டினார். நட்டு, வாஷர் போட்டு முடுக்கியிருந்த போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"இந்த மேல்வேலை எங்க பட்டறை வேலைங்க தம்பி. வாகை மரம். லாரித் தளத்துக்குப் போடற மாதிரியே போட்டிருக்காங்க. ஆனா அடியில இருக்கறது எங்க கை இல்லீங்க."

அடியில் இருந்தது வேறு மரம், வேறு முறை. பலகைகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து நின்றன. இடுக்குகளில் பருத்தி நூல் திணித்து, அதன்மேல் எதையோ காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். கப்பல் கட்டுபவர்கள் இதைக் கலப்பற்று என்பார்கள். ஒரு துண்டைச் செதுக்கி எடுத்து, குமரி மாவட்டத்திலிருந்து வந்து சேலத்தில் மரக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். புதிதாக இழைத்த இடத்தில் பொன் மஞ்சள், பழைய முகத்தில் கரும்பழுப்பு. அவர் தயங்கவே இல்லை: அயினி. மலையாளத்தில் ஆஞ்சிலி. கேரளத்துச் சுண்டன் வள்ளங்களைச் செய்யும் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரமான அது எங்கள் வறண்ட சமவெளியில் தானாக வளராது. ஆக, அடிப்பாகம் மேற்கிலிருந்து வந்திருக்கிறது: படகாக வந்ததோ, பலகையாகப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்து இங்கே அறையப்பட்டதோ.

இடுக்கில் இருந்த பூச்சைத் தணலில் காட்டினால் சாம்பிராணிபோல் மணத்தது. குங்கிலியம். எண்ணெயில் காய்ச்சிப் படகுக்குப் பூசும் பழக்கம் மிகப் பழையது. குங்கிலியம் தரும் மரங்களில் ஷோரியா இனத்தைச் சேர்ந்தவை உண்டு. அவற்றில் ஒன்றான ஷோரியா ராக்ஸ்பர்கி கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் இலையுதிர் காட்டில் வளர்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனம் 1920-களிலும் 30-களிலும் கட்டிய மரவிசைப்படகுகளைத் தேடி வாங்கிப் பளபளப்பாக்குவதை அங்கே பெரிய கலையாகவே வைத்திருக்கிறார்கள். அவற்றின் மரம் பெரும்பாலும் பிலிப்பைன் மகோகனி. பெயர்தான் மகோகனி, உண்மையில் அதிலும் பெரும்பகுதி ஷோரியா இனம்தான். ஏரியில் உல்லாசமாக ஓடிய அந்தப் படகுகளின் பலகையும், என் படகின் இடுக்கை அடைத்த பிசினும் ஒரே மரக்குடும்பமாக இருக்கலாம் என்பது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி முடியாது.

ஆனால் மரத்தின் ஊர் தெரிந்ததால் என் கேள்வி தீரவில்லை. அயினி மரமும் குங்கிலியமும் ஆயிரம் ஆண்டாகவே இருந்திருக்கின்றன. பிறகு ஏன் காவிரியின் இந்தப் பகுதியில் பரிசல் மட்டும் ஓடியது?

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் மூலத்தை ஆராய்ந்து 1920-ல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். 1946-ல் வந்த அவருடைய பெரிய நூலில் தென்னிந்தியப் பரிசலும் ஈராக்கின் தைக்ரீஸ் நதியில் ஓடிய வட்டப் படகான குஃபாவும் பேசப்படுகின்றன. படகின் வடிவை அதன் நீரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவரைப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது. பரிசலை அப்படிப் பாருங்கள். மூங்கில் பின்னல், அந்தக் காலத்தில் அதன்மேல் எருமைத்தோல், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். அடி தட்டை. முழங்கால் ஆழத்திலும் மிதக்கும். பாறையில் இடித்தால் உடையாமல் சுழன்று விலகிக்கொள்ளும். நீரோட்டம் கீழே இழுத்துப் போனாலும், இறங்கி முதுகில் கவிழ்த்துக்கொண்டு கரையோரம் நடந்து மேலே வந்துவிடலாம். மேட்டூர்ப் பக்கம் பாறை நிறைந்த காவிரிக்கும், பரமத்திவேலூர், மோகனூர்ப் பக்கம் மணல் பரந்து நீர் மெலிந்து போகும் காவிரிக்கும் இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. விசைப்படகின் கதை நேரெதிர். புரொப்பல்லர் அடிப்பலகைக்கும் கீழே தொங்குகிறது. ஒரு பாறை போதும், இறகு முறியும், தண்டு வளையும். அதற்கு ஆழம் வேண்டும். அந்த ஆழம் நாளைக்கும் இருக்கும் என்ற உறுதி வேண்டும். இயற்கையான காவிரி அந்த உறுதியை ஒருபோதும் தந்ததில்லை.

உறுதி தந்தது அணை. மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. தண்ணீர் 59.25 சதுர மைலுக்குப் பரந்து நிற்கும். 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் மைசூர்ச் சீமையிலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாக இறங்கி, இந்தக் கரையோடு பவானி நோக்கிப் போனார். அவர் நடந்த கரையில் ஒரு பகுதி இன்று நீருக்கடியில். பண்ணவாடியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். சனங்கள் வாழ்ந்து, கும்பிட்டு, விட்டுப்போன ஊர்கள் அவை. அணையின் பயனைப் பேசும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நீர்ப்பரப்பு இரண்டு கரைகளையும் பிரித்துப் போட்டது. சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும் எதிரே தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்கும், மேட்டூரைச் சுற்றிச் சாலையில் போனால் வெகுதூரம். குறுக்கே விசைப்படகில் போனால் கொஞ்ச நேரம். சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இரு சக்கர வாகனங்களும் ஏறிப் போகிறார்கள். நீர் இறங்க இறங்கப் படகுத்துறையும் சரிவில் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

எங்கள் பக்கத்துக் காவிரித் துறையான பூலாம்பட்டிக்குக் கதை இன்னும் பிந்தியது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என நான்கு இடங்களில் 1980-களின் இறுதியில் கதவணைகள் எழும்பின. ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம். மின்சாரத்துக்காக நிறுத்திய தண்ணீர் பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே ஏரிபோல் நின்றது. தென்னை, வாழை, அகன்ற நீர் என்று அந்த இடத்தைக் குட்டிக் கேரளா என்கிறார்கள். சினிமாக்காரர்களும் வந்து படமெடுக்கிறார்கள். அந்தத் துறையில் முன்பு படகோட்டிய ஒரு பெரியவரிடம் என் கேள்வியைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

"தண்ணி நின்னுச்சு கண்ணு, படகு வந்துச்சு. கதவைத் தூக்கிட்டாப் பாறைதான் தெரியும். அன்னிக்குப் படகு கரையிலதான் கிடக்கும்."

நான் பலகையிலும் பிசினிலும் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான். கதவணையில் பராமரிப்பு வேலைக்காகத் தண்ணீரை வெளியேற்றும்போதெல்லாம் பூலாம்பட்டியில் படகுப் போக்குவரத்து நின்றுபோகிறது. ஆறு தன் பழைய உருவத்துக்குத் திரும்பியதும் விசைப்படகுக்கு அங்கே வேலையில்லை. என் படகின் பலகை மேற்கு மலையில் பிறந்திருக்கலாம், அதன் விளிம்பு நாமக்கல் பட்டறையில் பிறந்திருக்கலாம், இன்ஜின் கிணற்று மேட்டிலிருந்து வந்திருக்கலாம். இவை மூன்றும் சந்திக்க ஓர் இடம் கிடைத்தது தண்ணீரை நிறுத்தி வைத்ததால்தான்.

இது தெரிந்த பிறகு நான் செய்யும் வேலையின் போக்கே மாறியது. அடிப்பலகையில் மக்கிய இடங்களுக்கு அயினியே தேடி வாங்கிப் போட்டோம். மேல்பக்கத்தை ஆசாரியின் வழிக்கே விட்டுவிட்டேன்; அது லாரி வேலையாக இருப்பதே அதன் உண்மை. இடுக்குகளுக்குப் பள்ளிபாளையத்து விசைத்தறிப் பட்டறையில் மிஞ்சிய பருத்தி நூலைத் திரித்துக்கொண்டோம். காய்ந்த படகின் இடுக்கு அகலமாக வாய் பிளந்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியான பட்டியால் அடைத்துவிடக் கூடாது. தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருக்கும். நெகிழாத பட்டி இருந்தால் ஒன்று அது பிதுங்கி வெளியே வரும், இல்லையென்றால் உள்ளே சட்டம் முறியும். நூலும் குங்கிலியமும் நெருக்கத்துக்கு இடம் கொடுக்கும்.

சேலத்து வெயில் படகுக்குப் பகை. சித்திரையில் வெயிலில் கிடந்தால் நல்ல பலகையும் வெடிக்கும். ஆகவே வேலை முழுக்கக் கொட்டகை நிழலில்தான். அடிப்பக்கத்தின் மேல் ஈரக் கோணிச்சாக்கு. வெளிப்புறம் பிரைமரும் எனாமலும் பூசினேன், துறைப்படகுகளுக்கு உள்ளபடி. உட்காரும் பலகைக்கும் மேல் விளிம்புக்கும் மட்டும் படகுக்கென்று விற்கும் ஸ்பார் வார்னிஷ். நாற்காலிக்குப் போடும் பாலிஷ் வெளியில் நிற்காது. மரம் விரியும்போது கூடவே விரியத் தெரியாமல் வெடித்து உரிந்துவிடும். ஸ்பார் வார்னிஷில் நெகிழ்வும் உண்டு, வெயிலைத் தாங்கும் பொருளும் உண்டு. உச்சி வேளையில் தூரிகை வைத்தால் இழுப்பதற்குள் காய்ந்து கோடு விழும் என்பதால் விடியற்காலையில்தான் பூச வேண்டும். ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளில் தேய்ப்பு, தூசி துடைப்பு, மறுபடி பூச்சு. ஏழெட்டுப் பூச்சு ஏறியபின்தான் வாகையின் ரேகை ஆழத்திலிருந்து தெரியத் தொடங்கும்.

இறக்கிய அன்றே ஆள் ஏற்றவில்லை. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் கட்டிப்போட்டு, கசிந்து உள்ளே வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தோம். பலகை ஊற ஊறக் கசிவு குறைந்து நின்றது. அதன்பிறகே இன்ஜினைச் சுற்றினோம். இனி வருடாவருடம் கதவணைப் பராமரிப்புக்குத் தண்ணீரை இறக்கும் நாட்களே இந்தப் படகுக்கும் பராமரிப்பு நாட்கள். அப்போது கரையேற்றி அடியைச் சுரண்டி, இடுக்குகளைக் குத்தூசியால் பார்த்து, வார்னிஷ் மங்கிய இடத்தில் இரண்டு பூச்சு ஏற்றிவிட்டால், கதவை அடைத்துத் தண்ணீர் நிற்பதற்குள் படகு தயாராகிவிடும்.