சுயேச்சை என்றால் தனிமையா?

‘பெண்பிள்ளை, அதிலும் இளையவள், அதிலும் தனியாள்!’ பொதுத்தொண்டுக்கு வரத் துடிக்கும் பெண்ணை வீட்டுக்குள் தள்ளிப் பூட்டுவதற்குப் பழமை வைத்திருக்கும் பூட்டுகள் இம்மூன்று. எர்ணாவூரில் வாழும் நாம் அப்பூட்டுகளின் ஓசையை அண்மையில் கேட்டோம்.

நம் தெருவில், மீன்பிடித்து வாழும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பட்டம் பெற்றவள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, வலையும் படகும் கறுத்துக் கிடக்க, வீடு வீடாகச் சென்று இழப்பைக் கணக்கெடுத்து மனு எழுதியவள். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கட்டுமா என்று கேட்டாள். ஊர்ப் பெரியவர்கள் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை, வரலாற்றைப் புரட்டினோம்.

வட அயர்லாந்திலே பெர்னதெத் டெவ்லின் என்றொரு மாணவி. 1969 ஏப்ரலில், தம் 21ஆம் வயதில், பெருங்கட்சி எதன் கொடியும் ஏந்தாமல், ஒற்றுமை வேட்பாளராக நின்று மிட் அல்ஸ்டர் இடைத்தேர்தலில் வென்றார். இலண்டன் நாடாளுமன்றத்தில், வீட்டிலும் வேலையிலும் வஞ்சிக்கப்பட்ட தம் மக்களுக்காக முழங்கினார். 1970இல் மீண்டும் வென்ற அதே மாதத்தில், போராட்ட வழக்கில் சிறை புகுந்தார்.

கடல் கடந்து போவானேன்? நம் வடசென்னையிலேயே இருக்கிறது சான்று. 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் கழகத்தின் முதற்கூட்டம் நடந்த நாள்தொட்டு வளர்ந்த அணியிலே ஒருவர் சத்தியவாணி முத்து அம்மையார். 1923இல், தாழ்த்தப்பட்டோர் குடியிற் பிறந்தவர். அப்பன் தொழிலே பிள்ளைக்கு என்று சொல்லாமற் சொன்ன குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து 1953இல் சிறை சென்றார். மக்கள் எதிர்ப்பின் முன் நிற்கமாட்டாமல் 1954இல் அத்திட்டம் மடிந்தது.

1957இல் பொதுத்தேர்தல். கழகம் அப்போது அங்கீகாரம் பெற்ற கட்சியன்று. அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே எண்ணப்பட்டனர். பெரம்பூரில் நின்ற அம்மையார் வென்றார். பெண், தாழ்த்தப்பட்டவர், சுயேச்சை! மூன்று பூட்டுகளும் ஒரே நாளில் உடைந்தன. 1962இல் தோல்வி, துவளவில்லை. 1967இல் அதே பெரம்பூரில் மீண்டும் வென்று அண்ணாவின் அமைச்சரவையில் இடம் பெற்றார்.

தோழர்களே, இவ்விருவர் கதையிலும் நாம் காண்பது என்ன? சுயேச்சை என்பது தேர்தல் பதிவேட்டில் எழுதும் சொல். தனிமை என்பது வேறு. டெவ்லினுக்குப் பின்னே குடியுரிமை கேட்டு வீதியில் நடந்த இளைஞர் கூட்டம் இருந்தது. அம்மையாருக்குப் பின்னே படிப்பகமும், தெருமுனைக் கூட்டமும், சுவரெழுத்து எழுதிய கைகளும் இருந்தன. பதிவேடு அவர்களைத் தனியாள் என்றது; மக்கள் அவ்வாறு எண்ணவில்லை.

மாநகராட்சி உறுப்பினராக 21 வயது போதும் என்கிறது சட்டம். 2016 முதல் தமிழக உள்ளாட்சி இடங்களில் பாதி மகளிர்க்கு. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வாயிலை மறித்து நிற்பது வழக்கம். ஆகவே, ‘இவள் தனியாளாயிற்றே, வெல்வாளா?’ என்று கேட்பது வீண். இவளைத் தனியாள் ஆக்குவது யார் என்று கேட்போம். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கவும், வீட்டுக்கு வீடு நடக்கவும், இழிமொழி வீசுவோர்க்கு மறுமொழி கூறவும் நம்மில் எத்தனை பேர் ஆயத்தம்?

அந்த எண்ணிக்கையே அவள் வலிமை!