சீசன் முடியட்டும்

அப்பாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சைக்கிள் வேண்டும் என்றால், "சீசன் முடியட்டும்." பாட்டியைத் திருப்பதிக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், "சீசன் முடியட்டும்." சமையலறை ஓடு ஒழுகுகிறது, அக்காவுக்குக் கண் பரிசோதிக்க வேண்டும், மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் வருகிறது, எல்லாவற்றுக்கும் அதே. கார்த்திகையில் பாய்லரில் தீ வைத்தால் வைகாசி வரைக்கும் அரவை. அந்த மாதங்களில் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. நாளொன்றுக்கு 1,250 டன் கரும்பு அரைக்கும். அப்பா அங்கே மெக்கானிக்கல் இன்ஜினியர். புகைபோக்கி தெரிகிற தூரத்தில் குவார்ட்டர்ஸ். புகைபோக்கி தெரிகிற தூரம் என்றால் கரி விழுகிற தூரமும் அதுதான். சக்கை எரிந்த கரி கறுப்பு இழைகளாக வந்து கொடியில் காயும் வேட்டி மேலும், முற்றத்தில் காயும் வடாம் மேலும் இறங்கும். தட்டினால் தீற்றிக்கொள்ளும், ஊதித்தான் எடுக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் பெண்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டே வடாம் பிழிய உட்காருவார்கள். மொலாசஸ் தொட்டியும் கந்தகப் புகையும் கலந்த புளித்த வாடைக்கு ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஏன் பொத்துகிறார்கள் என்று எங்களுக்குப் புரியாது.

சீசன் தொடங்குவதற்கு முன் அழைப்பிதழ் அச்சடித்து 'பாய்லர் இளஞ்சூடு ஏற்றும் விழா' நடக்கும். குருக்கள் வந்து, தேங்காய் உடைத்து, விறகில் முதல் தீ. உடனே கொழுந்துவிட்டு எரிய விடமாட்டார்கள். சுவரின் செங்கல் வெடிக்காமல் இருக்க, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்ற வேண்டும். அந்த இரவுகளில் அப்பா பாய்லர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொள்வார். "பிள்ளைக்கு ஜுரம்னாகூட இப்படி உக்கார மாட்டீங்க" என்பாள் அம்மா. அது அபாண்டம். எனக்கு அம்மை போட்டிருந்தபோது ஷிஃப்டு முடிந்து வந்து, கிரீஸ் நாற்றம் போகக் குளித்துவிட்டு, வேப்பிலையால் விசிறிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்தான். அம்மாவுக்கும் அது தெரியும். சண்டையில் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

அரவை தொடங்கினால் சாலை முழுக்க மாட்டுவண்டி. எடைமேடைக்கு முன்னால் டோக்கன் வாங்கி, மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக்காரர்கள் அங்கேயே சோறு பொங்குவார்கள். வண்டியிலிருந்து கழி உருவுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். உருவுகிற கையிலும் வித்தை உண்டு: நடுக்கழியை இழுத்தால் கட்டே சரியும், ஓரத்துக் கழியை இழுத்தால் வண்டிக்காரருக்குத் தெரியாது. திட்டுவார்களே தவிர அடிக்க மாட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் அதில் பெரிய வருத்தம், நாங்கள் திருடியதற்காக அல்ல. "வெட்டின கரும்பு ஒரு நாளைக்குள்ள மில்லுக்குள்ள போகணும். நின்னா சர்க்கரை இறங்கிடும். இவங்க ரெண்டு நாளா ரோட்ல நிக்கிறாங்களே" என்பார்.

நாங்கள் தூங்கியது மில்லின் இரைச்சலில்தான். அது நின்றால் குவார்ட்டர்ஸ் முழுக்க விழித்துக்கொள்ளும். சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கினால் ஸ்டீம் போதவில்லை. பொசுக்கென்று நின்றால் மில்லில் ஏதோ சிக்கியிருக்கிறது. சைக்கிளில் ஆள் வந்து கதவைத் தட்டுவதற்குள் அப்பா பேண்ட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். கழற்றிப்போட்ட வேட்டி மட்டும் பாயில் கிடக்கும். ஒருமுறை கரும்புக்கட்டோடு ஒரு வண்டி அச்சுத் துண்டு உள்ளே போய்விட்டது. திரும்பி வந்தபோது மறுநாள் மாலை. தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போனார். அக்கா ஊட்டிவிட்டாள். கண்ணைத் திறக்காமலே மென்றார்.

அப்பா படித்தது கான்பூரில், 1936-இல் தொடங்கிய தேசிய சர்க்கரை நிறுவனத்தில். அங்கிருந்து கொண்டுவந்தவை கொஞ்சம் இந்தி, ஒரு ஸ்லைடு ரூல், ஹ்யூகோவின் கரும்புச் சர்க்கரைப் பொறியியல் புத்தகம். ரியூனியன் தீவுக்காரர் பிரெஞ்சில் எழுதியதன் ஆங்கில வடிவம்; தலையணை கனம். பாட்டி அதை விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பாள், ஏதோ வேதப் புத்தகம் என்று. அப்படி ஒன்றும் தவறில்லை.

அடுத்த வீட்டில் சீஃப் கெமிஸ்ட் மாமா. சாறு பிழிகிற வரை அப்பாவின் ராஜ்ஜியம். அதன்பின் சுண்ணாம்பு சேர்த்து, கந்தகப் புகை விட்டு, தெளியவைத்து, காய்ச்சி, குருணை கட்டவைப்பதெல்லாம் மாமாவின் ராஜ்ஜியம். கரும்பிலிருந்து கிடைக்கிற சர்க்கரையின் பங்கு, அதாவது கட்டுமானம், குறைந்தால் இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாதாடுவார்கள். நூற்றில் ஒன்பது பங்கு சர்க்கரை வந்தால் நல்ல நாள். அதில் 0.1 குறைந்தாலும் 1,250 டன்னுக்குக் கணக்குப் போட்டால் நாளைக்குப் பன்னிரண்டரை குவிண்டால் மூட்டை போச்சு. "உங்க சக்கையில ஈரம் இருக்கு சார்" என்பார் மாமா. அப்பா பேண்ட் பையிலிருந்து சக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்து முறுக்கிக் காட்டுவார். இன்ஜினியர் வீட்டுத் துணி துவைக்கிறவர்களுக்குத்தான் தெரியும், பேண்ட் பையில் என்னவெல்லாம் இருக்கும் என்று. கடைசியில் இருவரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு: சர்க்கரையைச் செய்வது வயல், ஆலை அதைத் தொலைக்காமல் எடுத்தால் போதும்.

ஒரே ஒரு வருஷம் அப்பா சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். 1978 ஆகஸ்டில் மத்திய அரசு சர்க்கரைக்கு இருந்த கட்டுப்பாட்டை மொத்தமாக நீக்கியது. கிடங்கு நிறையச் சரக்கு, விலை சரிந்தது. கரும்புக்குப் பணம் வராத விவசாயிகள் கேட்டில் வந்து நின்றார்கள்; பிறகு வேறு பயிருக்குப் போய்விட்டார்கள். நாட்டில் 65 லட்சம் டன்னை நெருங்கியிருந்த உற்பத்தி இரண்டே ஆண்டில் 40 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1979 டிசம்பரில் கட்டுப்பாடு திரும்பி வந்தபோது அரைக்கக் கரும்பு இல்லை. மாசி முடிவதற்குள் மில் நின்றுவிட்டது. அப்பா பகலில் வீட்டில் இருக்கிறார் என்று எங்களுக்குக் கொண்டாட்டம். அவர் திண்ணையில் உட்கார்ந்து கரி விழாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வருஷம் சர்க்கரைக்கு நாங்களும் ரேஷன் கடை வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற ஒரு கிழவி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ மில்லு இஞ்சினியரு பொண்ணுதானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

மற்ற வருஷங்களில் எங்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கும் அப்பா பொங்கல் அப்பாதான். ஊரெல்லாம் கரும்பு வாங்குகிற நாளில் ஆலைக்குக் கரும்பு வராது. வெட்டுகிற ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி மில்லை நிறுத்தி ஜெனரல் கிளீனிங் வைப்பார்கள். பகலில் அப்பாவுக்கு அதிலும் வேலை உண்டு. ஆனால் பானை பொங்குகிற நேரத்துக்கு வந்துவிடுவார். வந்தால் சும்மா இருக்க மாட்டார். "இவ்வளவு ஆவி வீணாப் போகுது. இதுலயே இன்னொரு பானையக் கொதிக்க வைக்கலாம்" என்பார். "முதல்ல இந்தப் பானை பொங்கட்டுங்க" என்பாள் அம்மா.

அது எப்படி முடியும் என்று மாட்டுப் பொங்கலன்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ஓடுகிற மில்லுக்குள் எங்களை விடமாட்டார், நின்றிருக்கும்போது மட்டும். "பாவாடையத் தூக்கிச் செருகிக்கோ பாப்பா" என்று ஃபிட்டர் ஒருவர் படிக்கட்டில் முன்னால் ஏறினார். வரிசையாக நான்கு பெரிய பாத்திரங்கள். முதலாவதில் கிளம்பும் ஆவி இரண்டாவதைக் கொதிக்க வைக்கும், இரண்டாவதன் ஆவி மூன்றாவதை. கடைசிப் பாத்திரத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் சாறு அறுபது டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே கொதிக்கும். அன்றைக்கு மூடி திறந்திருந்தது. உள்ளே இறங்கியிருந்த ஆட்கள் குழாய் குழாயாக பிரஷ் விட்டு, ஒட்டிப்போன காறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு மில் உருளையின் பல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முரடாக, பொரிபொரியாக வெல்டிங் வைத்திருந்தது. கரும்பு வழுக்காமல் பிடிக்க, உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அப்படி வைப்பார்களாம். நிமிஷத்துக்கு நாலைந்து சுற்றுத்தான். அவ்வளவு மெதுவாகச் சுற்றுவதற்காகவா இவ்வளவு சத்தம் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

சீசன் முடிந்ததும் ஓவர்ஹாலிங். அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். சீசன் முழுக்கக் கண்ணில் பட்ட பழுதுகளை அதில் குறித்து வைப்பார். அதை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். '3-ஆம் மில் ட்ராஷ் பிளேட் மாற்ற', அடுத்த வரி 'அம்மா - திருப்பதி', அடுத்தது 'கேரியர் செயின் 2 லிங்க்', அதன் கீழே 'சின்னவள் சைக்கிள்', 'எல்.பி. பம்ப் ஷாஃப்ட்', 'பெரியவள் கண்'. நாங்களும் மெஷினும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தோம். ஆடி பிறப்பதற்குள் பெரும்பாலும் எல்லா வரியும் அடிபட்டுவிடும். சைக்கிளுக்கு அவரே பிரேக் கட்டை மாற்றி, ஒவ்வொரு நட்டையும் ஒருமுறை கழற்றிப் பூட்டிய பிறகுதான் என்னிடம் கொடுத்தார். புது சைக்கிள் அது.

அக்காவுக்கு வரன் அமைந்தபோது பையன் வீட்டார் தை மாதம் என்றார்கள். அப்பா, "ஆவணியில வெச்சுக்கலாமே சம்பந்தி" என்றார். பணம் புரட்ட முடியவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, சீர் ஒன்றும் அவசரமில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாதான் இன்னொரு தடவை போய், தை மாதம் என்றால் பெண்ணின் அப்பா தாலி கட்டுகிற நேரத்தில் எங்கே இருப்பார் என்று உத்தரவாதம் கிடையாது என்று விளக்கி, ஆவணிக்குச் சம்மதம் வாங்கி வந்தாள்.

சீசனுக்கு மட்டும் வேலை உள்ள தொழிலாளர்கள் எல்லாரும் ஆவணியில் ஊரில்தான் இருந்தார்கள். கல்யாண வேலை முழுக்க அவர்கள் கையில். பந்தலுக்கு வெல்டர், தண்ணீருக்கு பம்ப் ஆள், கோட்டை அடுப்புக்கு பாய்லர் அட்டெண்டர். சமையல்காரர் தீயைக் குறைக்கச் சொன்னால், "எவ்வளவு பிரஷர் வேணும், சொல்லுங்க" என்று கேட்டு அவரைக் குழப்பினார் அந்த அட்டெண்டர். அப்பா மூன்று நாளும் பட்டு வேட்டியை மாற்றாமல் எல்லார் இலைக்கும் பக்கத்தில் நின்றார். பந்தி முடிந்து தாம்பூலம் மாற்றும்போது சம்பந்தி, "தலைப்பொங்கலுக்கு நீங்களே வரிசையோட வந்துடணும், ஆள் அனுப்பக் கூடாது" என்றார். தை என்றதும் அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"வருவார் சம்பந்தி, கட்டாயம் வருவார்" என்றாள் அம்மா. "பொங்கலுக்குத்தான் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காதே."